தாமதம் அல்ல, அதுவும் சிகிச்சைதான்
“உதரவிதானத்தில் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு உடனே ஆபரேஷன் செய்யணும், இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அலட்சியம்” என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. 1980கள் வரை அப்படித்தான் அவசரமாகத் தைத்தார்கள். ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் ஏறிய குடலைக் கீழே இறக்கிவிட்டால் போதும் என்ற நினைப்பு.

ஆனால் உயிருக்கு ஆபத்து ஓட்டையைவிட நுரையீரலில்தான். கருவிலேயே குடலும் இரைப்பையும் நெஞ்சுக்குள் ஏறி இடத்தை அடைத்துக்கொள்வதால் நுரையீரல் சரியாக வளர்ந்திருக்காது, அதன் ரத்தக் குழாய்களிலும் அழுத்தம் எகிறிக் கிடக்கும். தையல் போட்டதும் இது மாறிவிடாது. அதனால்தான் முதலில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் பதமாகக் காற்று தருகிறார்கள். மாஸ்க் வைத்து அழுத்தினால் காற்று இரைப்பைக்குள் போய் உப்பி, நுரையீரலை இன்னும் நசுக்கும், அதைத் தவிர்ப்பார்கள். இரைப்பையிலுள்ள காற்றை எடுக்கத் தனியாக ஒரு டியூப். ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் நிலைப்பட்ட பிறகுதான் ஆபரேஷன் தியேட்டர்.

அப்புறம், சின்ன ஓட்டை என்றால் நேராகத் தைப்பார்கள். பெரிதென்றால் செயற்கை ஒட்டு வைப்பார்கள். குழந்தை வளர வளர அது விலகக்கூடும் என்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். ஐசியூ வாசலில் காத்திருக்கும் ஒரு அம்மா அதைப் படித்தால் எப்படித் துடித்துப்போவார்!