சின்ன ஆம்ப்ளிஃபயரும் ட்வீட்டரை எரிக்கும்

"ஆம்ப்ளிஃபயர் 50 வாட், ஸ்பீக்கர் 100 வாட். வால்யூமை முழுசாகத் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பாதிதான் சரி.

அந்த 50 வாட், ஒலி சிதையாமல் தரக்கூடிய அளவு. அதற்கு மேல் இழுத்தால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். கிளிப்பிங் என்பது இதுதான். வெட்டுப்பட்டுச் சதுர அலையாகவே ஆகிவிட்டால், அதே ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 100 வாட் தள்ளும்.

சரி, ஸ்பீக்கர் 100 வாட் தாங்குமே என்பீர்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 100, ஊஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எல்லாம் சேர்ந்த கணக்கு. சாதாரணமாகப் பாட்டில் உச்ச அதிர்வெண்களில் சக்தி மிகக் குறைவு என்பதால், ட்வீட்டரின் வாய்ஸ் காயிலை (ஒலியை எழுப்பும் கம்பிச் சுருளை) மெல்லிய கம்பியால்தான் சுற்றியிருப்பார்கள். கிளிப் ஆகும்போது பேஸ் ஓர் அளவோடு நின்றுவிடும், மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும். போதாததற்குச் சிதைவில் பிறக்கும் புது அதிர்வெண்களும் அங்கேதான் போய்ச் சேரும். அந்தச் சுருள் சூடாகி எரிவது இப்படித்தான். கிளிப்பிங்கில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) வந்து எரிக்கிறது என்று சிலர் சொல்வதும் பொதுவாகச் சரியில்லை.

வால்யூம் குமிழ் பாதியில்தானே இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். போன் ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் ஏற்றினால், அந்தப் பகுதிக்கு 4 மடங்கு சக்தி வேண்டும்; குமிழ் பாதியில் இருக்கும்போதே கிளிப் ஆகலாம். குரல் கரகரக்க ஆரம்பித்தால் உடனே குறையுங்கள்.