ஓட்டு அட்டையும் கொடுத்து, விலங்கும் மாட்டினார்கள்

2024 மே மாதம் நியூயார்க் ஜூரி, 34 குற்றச்சாட்டுகளில் ட்ரம்ப் குற்றவாளி என்றது. அதே வருஷம் நவம்பரில் அவர் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் ஜம்மென்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். சட்டப்படி தப்பே இல்லை. வெளிமாநிலத்தில் தண்டனை என்றால் அந்த மாநில விதியைத்தான் ஃபுளோரிடா பார்க்கும். நியூயார்க்கில் சிறைக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் ஓட்டு கிடையாது. அவர் போட்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. என் கோபம், ஃபுளோரிடா கோர்ட்டிலேயே தண்டனை வாங்கியவர்களின் கதியைப் பார்த்துத்தான்.

2018 வரை அங்கே ஃபெலனி எனும் கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றால், ஆளுநர் தலைமையிலான குழு மனமிரங்கினால் ஒழிய, ஆயுசுக்கும் ஓட்டு இல்லை. அந்த வருஷம் மக்களிடமே நடந்த வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆதரித்து அதை மாற்றினார்கள். கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவர்கள் தண்டனையை முடித்தால் போதும். சுமார் 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது என்றார்கள். ஒரே வருஷத்தில் சட்டசபை குறுக்கே வந்தது: அபராதம், இழப்பீடு, கோர்ட் கட்டணம் எல்லாம் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாம்.

‘கடனைக் கட்டிவிட்டுப் போடட்டுமே’ என்பார்கள். சரி, எவ்வளவு கட்டணும்? அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தபோது ஒரு பேராசிரியரின் குழு 153 பேரின் பாக்கியைத் தேடிப் பார்த்தது. 3 பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கணக்கு இடத்துக்கு இடம் முரண்பட்டது. மளிகைக் கடைக்காரர்கூட பாக்கியை நோட்டில் எழுதி வைத்திருப்பார். நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் 2020 மே மாதம் இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதியைச் செல்லாது என்றார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-4 என்று அதைக் கவிழ்த்துவிட்டது. (நம் ஊரில் விசாரணைக் கைதிக்குக்கூட ஓட்டு இல்லை, அது தனிச் சண்டை. ஆனால் வெளியே வந்தவரிடம் அபராத ரசீது எங்கே என்று எந்த வாக்குச்சாவடியிலும் கேட்பதில்லை.)

அப்புறம் 2022 ஆகஸ்ட். சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 20 பேர் மீது வழக்கு என்று ஆளுநர் டிசாண்டிஸ் பெருமையாக அறிவித்தார். கொலை, பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள், அதாவது விலக்குப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களில் பலர் முறையாக விண்ணப்பித்து, அரசே அனுப்பிய வாக்காளர் அட்டையோடுதான் சாவடிக்குப் போனார்கள். போலீஸ் கேமராப் பதிவுகள் பின்னால் வெளிவந்தன. ஒருவர் கையில் விலங்கோடு, விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னதால்தான் நிரப்பினேன் என்று விளக்குகிறார். ‘அப்படியானால் அதுதான் உங்கள் தரப்பு வாதம்’ என்கிற மாதிரி அங்கிருந்த போலீஸ்காரரே சொல்கிறார்.

குற்றம் கொடூரமானது, இவர்களுக்கா வக்காலத்து என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெயரைச் சரிபார்க்க வேண்டியது மாநில அரசின் வேலை. அதைச் செய்யாமல் அட்டையை அனுப்பிவிட்டு, நம்பி வந்தவரைப் பிடித்து 5 வருஷம் வரை உள்ளே போடலாம் என்பது அராஜகம். தகுதியை இத்தனை நாளுக்குள் அரசு சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அந்த ஓட்டுக்காக யாரையும் தொடக் கூடாது. இதைத்தான் அங்கே சட்டமாக்கியிருக்க வேண்டும்.

அவர்கள் 2023-இல் செய்தது வேறு. இந்த அட்டை இருப்பதாலேயே நீங்கள் ஓட்டுப் போடத் தகுதியானவர் என்று ஆகிவிடாது என்று அட்டையிலேயே அச்சடிக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள்.