கீட்டோன் எண்ணை எதற்காகப் பார்க்கிறோம்?

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே பலர் கேட்கிற கேள்வி, "உங்களுக்குக் கீட்டோன் எவ்வளவு வருகிறது?" என்பது. கொழுப்பை எரிக்கும்போது உடலில் உருவாகும் எரிபொருள்தான் கீட்டோன். 2.4 வந்தவர் மகிழ்கிறார், 0.3 வந்தவர் எங்கே தவறு செய்தோம் என்று தட்டைத் துழாவுகிறார். நானும் பல மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். கடந்த ஆடி மாதத்தில் என் தங்கையின் கணவருக்கு நேர்ந்த ஒன்றுக்குப் பிறகு, அந்த எண்ணை நாம் பார்க்க வேண்டிய காரணமே வேறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பேலியோ, கீட்டோ என்று எந்தப் பெயரில் மாவுச்சத்தைக் குறைத்திருந்தாலும், குறிப்பாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், இந்தப் பதிவைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அரிசியையும் கோதுமையையும் நிறுத்தி, முட்டை, ஆட்டுக்கறி, பனீர், பாதாம், காய்கறிப் பொரியல் என்று நாளொன்றுக்கு 40 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்தில் பதினான்கு மாதங்களாக இருக்கிறேன். தொடக்கத்தில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளைத்தான் வாங்கினேன். முதல் மாதம் அடர் ஊதா நிறம் வந்தது. மூன்றாவது மாதத்தில் நிறம் வெளிறிப் போனபோது, உணவில் எதையுமே மாற்றாத நான் பெரிதும் கலங்கினேன்.

கலங்கத் தேவையில்லை என்பது பிறகுதான் புரிந்தது. கொழுப்பு அமிலங்களிலிருந்து நம் கல்லீரல் உருவாக்கும் கீட்டோன்கள் மூன்று: அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அசிட்டோன். சிறுநீர்ப் பட்டை நிறம் மாறுவது முதலாவதுக்கு மட்டுமே; ரத்தத்தில் அதிகமாக இருக்கும் இரண்டாவது அதன் கண்ணில் படுவதே இல்லை. மேலும், உடல் இந்த எரிபொருளுக்குப் பழகப் பழக, சிறுநீரில் வீணாக வெளியேறும் அளவு குறைகிறது. டப்பாவைத் திறந்து வைத்துக் காற்றுப் பட்ட பட்டையும், அதிக அளவில் எடுத்த வைட்டமின் சி மாத்திரையும் இருக்கிற கீட்டோனை இல்லை என்று காட்டக்கூடும். எனவே வெளிறிய பட்டையைப் பார்த்து உணவுமுறை தோற்றுவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

அதன் பிறகு ரத்தக் கீட்டோன் மீட்டர் வாங்கினேன். இது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை நேரடியாக அளக்கிறது. விரல் நுனியைக் குத்தி ஒரு சிறு துளியைப் பட்டையின் முனையில் வைத்தால் சில நொடிகளில் எண் வந்துவிடும். ஆனால் சர்க்கரைப் பட்டையைவிடக் கீட்டோன் பட்டையின் விலை பல மடங்கு அதிகம். எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் வரவழைத்துத்தான் தருகிறார்கள். அப்படி வாங்கிய பட்டைகளை நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று செலவழித்தேன். காலையில் 0.4 காட்டிய மீட்டர் இரவில் 1.3 காட்டும். பலருக்கும் காலையில் குறைவாகவும் மாலைக்குப் பிறகு கூடுதலாகவும் இருப்பது இயல்பு. உடற்பயிற்சி செய்தாலும், சாப்பிடும் இடைவெளி நீண்டாலும் எண் மாறும். நேரம் மாற்றி எடுத்த இரண்டு அளவுகளை ஒப்பிட்டு நான் அடைந்த மகிழ்ச்சிக்கும் வருத்தத்துக்கும் எந்தப் பொருளும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, எண்ணை உயர்த்துவதற்காகவே சாப்பிட்டது. தேங்காய் எண்ணெயில் உள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குச் சென்று கீட்டோனாக மாறக்கூடியவை. காலையில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயும், தேநீரில் ஒரு கட்டி வெண்ணெயும் சேர்த்ததும் 0.4 என்பது 1.1 ஆனது. ஆனால் அடுத்த ஆறு வாரங்களும் எடை ஒரே இடத்தில் நின்றது. கீட்டோன் எந்தக் கொழுப்பிலிருந்து வந்தது என்பதை மீட்டர் சொல்வதில்லை; வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் சற்றுமுன் விழுங்கிய எண்ணெயும் அதற்கு ஒன்றுதான். எடை குறைவதையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் இறங்குவதையும் கவனித்து வருபவருக்குக் கீட்டோன் 0.6 ஆக இருந்தால் என்ன, 1.6 ஆக இருந்தால் என்ன? உணவுமுறை சார்ந்த கீட்டோசிஸ், அதாவது உடல் கீட்டோனை எரிபொருளாகக் கொண்டு இயங்கும் நிலை என்று லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரையிலான அளவைப் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். அந்த வரம்புக்குள் எண் கூடுவதால் கொழுப்பு விரைவாகக் கரையும் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

இந்த உணவுமுறை பிறந்த இடத்தில் கீட்டோன் அளவுக்கு ஒரு தெளிவான நோக்கம் இருந்தது. 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், பட்டினி கிடக்கும்போது வலிப்பு குறைவதைக் கண்ட மருத்துவர்களின் அனுபவத்தைப் பின்பற்றி, பட்டினி போடாமலேயே உடலில் கீட்டோன்களை உண்டாக்கும் உணவாக இதை முன்மொழிந்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் இது மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. அங்கே கீட்டோனை அளப்பவர்கள், சிகிச்சை எட்ட வேண்டிய அளவை எட்டியிருக்கிறதா, குழந்தைக்கு அளவு மீறியிருக்கிறதா என்ற கேள்வியோடு அளக்கிறார்கள். நாம் எந்தக் கேள்வியும் இல்லாமல் அளக்கிறோம்.

இனி என் தங்கையின் கணவரான மாப்பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் எடை பதினொரு கிலோ குறைந்ததைப் பார்த்து, அவரும் என்னிடம் கேட்டே தொடங்கினார். நான் உணவுப் பட்டியலைக் கொடுத்தேன். மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இதற்கு நான் இன்றுவரை வருந்துகிறேன். பத்தாவது நாள் அவருக்குக் குமட்டலும் வயிற்று வலியும் வந்தன. இரவெல்லாம் வாந்தி எடுத்தவர், மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். காலையில் அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் சர்க்கரையைப் பார்த்தார்கள், 168 இருந்தது. "சுகர் நன்றாகத்தான் இருக்கிறது, இது வாயுக் கோளாறு" என்று சொல்லி, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மாலையில் தங்கை அழைத்து, "அண்ணா, அவர் மூச்சு வாங்குகிற விதமே சரியாக இல்லை" என்றாள். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை வந்தது. விரலில் ஒரு துளி எடுத்துப் பார்த்தபோது மீட்டர் 5.4 காட்டியது.

பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் அமிலமாகியிருப்பதை உறுதிசெய்தார்கள். பணியிலிருந்த மருத்துவர் முதலில் கேட்டது மாத்திரை அட்டையைத்தான். மெட்ஃபார்மினோடு டபாகிளிஃப்ளோசின் சேர்ந்த கூட்டு மாத்திரை அது. இந்த வகை மருந்துகள், சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை மீண்டும் ரத்தத்துக்குள் இழுப்பதைத் தடுத்துச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள்தான். 2020இல் டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்த பிறகு நம் நாட்டில் விலை இறங்கிப் பரவலாக எழுதப்படுகின்றன. ஆனால் சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால் இன்சுலின் சுரப்பு குறைகிறது, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் உயர்கிறது, கல்லீரல் கீட்டோன் தயாரிப்பைக் கூட்டுகிறது. அதே நேரத்தில் சோற்றையும் நிறுத்தி, வாந்தியால் உடலின் நீரும் வற்றிவிட்டால், கீட்டோனுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. அப்போதும் சர்க்கரை மட்டும் 170, 200 என்று அமைதியாக நிற்கும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகளால் வரக்கூடிய கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் நிலை பற்றி 2015 மே மாதமே எச்சரித்திருக்கிறது.

சலைனும் இன்சுலினும், சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்கக் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றினார்கள். பொட்டாசியத்தை அடிக்கடி பார்த்தார்கள். இரண்டாம் நாள் ரத்தக் கீட்டோன் 1.2க்கு இறங்கியிருந்தும் சிறுநீர்ப் பரிசோதனை அதே அடர்நிறத்தைக் காட்டியதால் தங்கை அழுதுவிட்டாள். குணமாகும்போது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால் சிறுநீர்ப் பட்டை பின்தங்கியே காட்டும் என்று ஒரு செவிலியர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை வீடு திரும்பினார்.

இதைப் படித்துவிட்டு, கீட்டோன் என்றாலே விஷம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களோடும் நான் உடன்படவில்லை. கணையம் ஒழுங்காக இன்சுலின் சுரக்கும் ஒருவருக்குக் கீட்டோன் உயர்ந்தால், அந்தச் சிறிதளவு இன்சுலினே கொழுப்பு உடைவதைக் கட்டுப்படுத்திவிடும். பல வாரங்கள் பட்டினி கிடந்தவர்களுக்குக்கூட அது ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து: முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், நான் மேலே சொன்ன மாத்திரை எடுப்பவர்கள், நெடுங்காலச் சர்க்கரை நோயால் இன்சுலின் சுரப்பு வற்றியவர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த உணவுமுறையைத் தாமாகத் தொடங்கவே கூடாது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்தைக் குறைத்த அன்றே அவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும், ஆகவே அளவை மருத்துவர் முன்கூட்டியே குறைக்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: விலை உயர்ந்த அந்தப் பட்டைகள் நலமாக இருக்கிற நாள்களுக்கானவை அல்ல, உடம்பு சரியில்லாத நாள்களுக்கானவை. வாந்தி, காய்ச்சல், வயிற்று வலி, காரணம் தெரியாத மூச்சு வாங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும், சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல் கீட்டோனைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு 0.6க்குக் கீழே இயல்பு; 1.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 3ஐத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது. கீட்டோ உணவில் இருப்பவருக்கு 1.5 என்பது நலமான நாளிலும் வரக்கூடிய அளவுதான் என்பதால், எண்ணோடு உடல் சொல்வதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் பார்த்தால் அலகையும் கவனியுங்கள். சர்க்கரையை நாம் மில்லிகிராமில் படித்துப் பழகியவர்கள், கீட்டோன் மீட்டரோ மில்லிமோலில் காட்டும். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10.4 மில்லிகிராம். ஆய்வகச் சீட்டில் 10 என்று பார்த்து அலறியவரையும் நான் அறிவேன், மீட்டரில் 5 என்று பார்த்து "ஐந்துதானே" என்று அலட்சியமாக இருந்தவரையும் அறிவேன்.

மாப்பிள்ளையின் மாத்திரையை மருத்துவர் மாற்றிவிட்டார். இப்போது அவர் அளவாகச் சோறு சாப்பிடுகிறார். என் மீட்டரைத் தங்கை வீட்டிலேயே விட்டு வந்தேன். பட்டைகளின் காலாவதி நாளைப் பெரிய எழுத்தில் பெட்டியின் மேல் எழுதி வைத்திருக்கிறாள். என்னிடம் உணவுப் பட்டியல் கேட்பவர்களிடம், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அதில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடிந்தால், நான் பட்டியலை அனுப்புவதில்லை. முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்கிறேன்.