பேர்கர் இலவசம் இல்லை

தம்பி, 2022இல் வந்த 'தி மெனு' படத்தில் தலைமைச் சமையற்காரர் ஏழைகளுக்காகப் பணக்காரரைப் பழிவாங்குகிறார், விருந்துக்கு வந்த மார்கோ என்ற பெண்ணுக்கு பேர்கரை இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இலவசம் இல்லை, 9.95 டொலர். ஆளுக்கு 1,250 டொலர் வாங்கும் அவருடைய உணவகத்தில் அந்தச் சில்லறைக் கணக்குதான் நக்கலே. பாண் சாதாரண சனத்தின் சாப்பாடு என்று சொல்லி, பாணே இல்லாமல் தொட்டுக்கொள்வதை மட்டும் தட்டில் வைக்கிறார். (கல்லடியில் பாண் இல்லாமல் சம்பலை மட்டும் வைத்துப் பார்க்கட்டும், கடைக்காரர் பாடு அவ்வளவுதான்.) ஆனால் ஏழைகளின் நாயகன் என்பது சரிவராது. கடைசியில் விருந்தாளிகளோடு தன்னிடம் வேலை செய்தவர்களையும் சேர்த்தே எரிக்கிறார். அவர்கள் என்ன பணக்காரரா? பேர்கர் சுடும்போது மட்டும்தான் அந்த மனிசன் முகத்தில் சிரிப்பு. அந்தக் காட்சியை இன்னொருக்கா பாருங்கள்.