சீன 'அம்மா'வுக்குள் குதிரை வந்தது எப்படி?

"சீன மொழியில் அம்மா என்ற எழுத்தில் பெண்ணும் குதிரையும் இருக்கும். குதிரை மாதிரி உழைப்பவள் அம்மா என்று அர்த்தம்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல் வரி சரி, இரண்டாவது வரி தவறு.

இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. ஆனால் குதிரை அங்கே நிற்பது உழைப்புக்காக அல்ல, ஒலிக்காக. சீனத்தில் குதிரையும் 'மா', அம்மாவும் 'மா', தொனிதான் (குரல் ஏறி இறங்கும் விதம்) வேறு. பெண் என்ற பகுதி பொருளைச் சொல்கிறது, குதிரை உச்சரிப்பைச் சொல்கிறது.

இதே குதிரைக்குப் பக்கத்தில் பூச்சியைப் போட்டால், எறும்பைக் குறிக்கும் 'மாயி'யின் முதல் எழுத்து. எறும்புக்கும் குதிரைக்கும் என்ன உறவு? வாயைப் போட்டால், நம் 'வந்தாயா'வில் வரும் 'ஆ' போல வாக்கியத்தைக் கேள்வியாக்கும் 'மா'. தலைமேல் இரண்டு வாய் வைத்தால் திட்டுவது!

சூரியன், மலை, மரம் போன்றவை படமாகப் பிறந்தவைதான். ஆனால் பெரும்பாலான எழுத்துகள் ஒலியும் பொருளும் சேர்ந்தவை. சுமார் கி.பி. 100-லேயே சூ ஷென் என்ற சீன அறிஞர் தன் அகராதியில் இந்த வகையை விளக்கிவிட்டார்.

கட்டுக்கதையை விட இதுதான் நல்ல விளையாட்டு. ஓர் அட்டையில் குதிரை, சின்ன அட்டைகளில் பெண், வாய், பூச்சி. மாற்றி மாற்றி ஒட்டி, பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் கையால் தொனி வரையட்டும்: அம்மாவுக்கு உயரத்தில் நேர்கோடு, குதிரைக்கு இறங்கி ஏறும் வளைவு, திட்டுக்குச் சட்டென்று கீழே.