'முஸ்லிம் ரெஜிமெண்ட்' கதையும் அப்துல் ஹமீதின் ஜீப்பும்

"1965 போரில் பாகிஸ்தானை எதிர்க்க மறுத்ததால் இந்திய ராணுவத்தின் முஸ்லிம் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய். சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு ரெஜிமெண்ட் இருந்ததே இல்லை. இல்லாததை எப்படிக் கலைப்பது?

அதே போரில் என்ன நடந்தது என்று பார்ப்போம். உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டம் தாமுப்பூர்க்காரர் ஹவில்தார் அப்துல் ஹமீத். பல மதத்தவரும் பணியாற்றும் கிரெனடியர்ஸ் ரெஜிமெண்டின் 4ஆவது பட்டாலியனில் இருந்தார். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் கிராமத்தருகே பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் முன்னேறி வந்தன. ஹமீதிடம் இருந்தது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கி. கவசம் கிடையாது. சுட்டதும் பின்பக்கம் கிளம்பும் நெருப்பும் புழுதியும் இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பயிர்களுக்குள் மறைந்திருந்து சுடுவார், உடனே இடம் மாறுவார். இப்படியே பல டாங்கிகளை வீழ்த்தினார். செப்டம்பர் 10 அன்று ஒரு டாங்கியின் குண்டு அவருடைய ஜீப்பைத் தாக்கியது. அங்கேயே உயிர் பிரிந்தது.

1966 குடியரசு தினத்தில், நாட்டின் உயரிய போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரத்தை, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் கையிலிருந்து ஹமீதின் மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். 2000இல் ஜீப்பின் படத்தோடு ஹமீதுக்கு 3 ரூபாய் தபால்தலையும் வந்தது. ஃபார்வர்டு செய்பவர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம்.