மஞ்சளாக நின்ற மரங்கள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். வடக்கு ஸ்காட்லாந்தில் எடுத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டிப் போட்ட ஊசியிலை மரங்கள், கறுத்த சேறு, நடுவில் ஒரு பெரிய இயந்திரம். "பச்சைக் காட்டை அழித்துவிட்டு அதையே இயற்கைப் பாதுகாப்பு என்று சொல்கிறார்களாம். நீ அங்கேதானே இருக்கிறாய், இது உண்மையா அக்கா?" என்று கேட்டிருந்தான்.

உண்மைதான் தம்பி. வெட்டுகிறார்கள். வெட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் இரண்டு வரியில் பதில் போட முயன்றேன், முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

அந்த இடத்துக்கு ஃப்ளோ கன்ட்ரி என்று பெயர். ஸ்காட்லாந்தின் வட கோடியில் கெய்த்னஸ், சதர்லண்ட் என்ற இரண்டு பகுதிகளில் ஏறக்குறைய 4 லட்சம் ஹெக்டேருக்குப் பரந்து கிடக்கிறது. நான் இருக்கும் இன்வெர்னெஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் ஃபோர்சினார்ட் என்ற சின்ன ஸ்டேஷன் வரும். இறங்கிப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மரம் இல்லை. பழுப்பும் சிவப்பும் கலந்த பாசி மெத்தை, அங்கங்கே கண்ணாடித் துண்டுகளைப் போலக் கறுப்புக் குட்டைகள், பெரிய வானம். அவ்வளவுதான். முதல் முறை போனபோது நானும் "தரிசு" என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தரிசுக்கு அடியில் இருப்பது பீட். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கோகோ பீட் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாரை உரித்தபின் மிஞ்சும் தூளைக் கட்டியாக்கி விற்கிறோமே, அதற்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பீட்டுக்கு மாற்றாகப் பயன்படுவதால்தான். அசல் பீட் என்பது மக்காமல் தங்கிவிட்ட தாவரம். மழை அதிகம், குளிர் அதிகம், நீர் வடியாது, மண்ணுக்குள் காற்றுப் புகாது. ஸ்பேக்னம் என்ற பாசி மேலே வளர்ந்துகொண்டே போகும். அதன் அடிப்பகுதி செத்து, முழுதாக மக்காமல் கீழே அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஒரு மீட்டர் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகும். சில இடங்களில் பல மீட்டர் ஆழம் இருக்கிறது. அந்த நிலம் முழுவதிலும் சேர்ந்து சுமார் 40 கோடி டன் கார்பன் தங்கியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் உள்ள எல்லாக் காடுகளிலும் இருப்பதைப் போல இது இரண்டு மடங்குக்கு மேல்.

அந்தப் பொக்கிஷத்தின் மேல்தான் கலப்பையை ஓட்டினார்கள்.

ஏன் ஓட்டினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் காடு என்று இருந்தது நிலப்பரப்பில் ஐந்து சதவீதம்தான். முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடினார்கள். 1919இல் வனத்துறை ஆணையம் அமைத்தார்கள். நல்ல நிலம் விவசாயத்துக்கு, மீதி நிலம் மரத்துக்கு என்பது அன்றைய கணக்கு. அப்புறம் ஆழமாக உழும் கலப்பைகளும் டிராக்டர்களும் வந்தபின், கால் வைத்தால் அமிழும் பீட் நிலத்திலும் வாய்க்கால் வெட்டி மரம் நட முடிந்தது. 1980களில் ஒரு வரிவிதியும் பெரிதாகக் கைகொடுத்தது. மரம் நடும் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி. லண்டனில் இருந்துகொண்டு, அந்த நிலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பணக்காரர்கள் முதலீடு செய்தார்கள். 1988 பட்ஜெட்டில் அந்தச் சலுகையை நிறுத்தும்போது 60,000 ஹெக்டேருக்கு மேல் பீட் நிலத்தில் சிட்கா ஸ்ப்ரூஸும் லாட்ஜ்போல் பைனும் ஏறியிருந்தன. இரண்டும் வட அமெரிக்காவிலிருந்து வந்த மரங்கள்.

இனி நான் சொல்ல நினைத்த விஷயம். அந்த மரங்கள் பல இடங்களில் வளரவில்லை. நட்டுச் சில ஆண்டுகளில் சிட்கா ஸ்ப்ரூஸின் ஊசிகள் மஞ்சளாகி, வளர்ச்சி அப்படியே நின்றுபோனது. நைட்ரஜன் பற்றாக்குறை. நம் ஊர் விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்வது. நெற்பயிர் வெளிறி நின்றால் எதைக் கேட்கிறது என்று பார்த்தவுடன் சொல்வார்களே, அதே நோய்தான்.

இதில் ஒரு விசித்திரம். பீட்டில் தழைச்சத்து இல்லாமல் இல்லை. ஒரு ஹெக்டேரில் மேல் ஒரு மீட்டருக்குள் மட்டும் பல டன் இருக்கும். ஆனால் அவ்வளவும் மக்காத கரிமப் பொருளோடு பிணைந்து கிடக்கிறது. களஞ்சியம் நிறைய நெல், திறக்கச் சாவி இல்லை. போதாததற்கு அங்கே இயல்பாக வளரும் ஹெதர் புதரின் வேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள், கசியும் கொஞ்ச நைட்ரஜனையும் முந்திக்கொண்டு எடுத்துவிடும். சிட்கா அந்தப் போட்டியில் தோற்றுவிடும்.

வனவியல் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தியிருக்கிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து யூரியா தூவினார்கள். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தூவினார்கள். களைக்கொல்லி அடித்து ஹெதரைக் கொன்றார்கள். இதற்கிடையில் ஒரு அழகான கண்டுபிடிப்பும் நடந்தது. சிட்காவைத் தனியாக நட்டால் மஞ்சளாக நிற்கும் அதே நிலத்தில், பக்கத்தில் லாட்ஜ்போல் பைனைக் கலந்து நட்டால் சில ஆண்டுகளில் சிட்கா பச்சை பிடிக்கிறது. பைன் அதற்குச் செவிலி மரமாகிவிடுகிறது. பைனின் வேரும் அதன் பூஞ்சைகளும் பீட்டில் பூட்டியிருக்கும் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கின்றன, அதில் பங்கு சிட்காவுக்கும் போகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். உரச் செலவு மிச்சம்.

நான் இதைப் படித்தபோது உண்மையிலேயே வியந்தேன். வேருக்கு அடியில் நடக்கும் ஒன்றை, ஊசியின் நிறத்தை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. அந்த ஆய்வாளர்களை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களிடம் கேட்ட கேள்வி "இந்த மரத்தை இங்கே எப்படி வளர்ப்பது?" என்பது. அதற்குச் சரியான பதிலைக் கொடுத்தார்கள். "இங்கே வளர்க்கலாமா?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் திட்டம் போட்டவர்களும் வரிச்சலுகை கொடுத்தவர்களும். மஞ்சள் ஊசிகள் மூலமாக அந்த நிலம் ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நோய் என்று எடுத்துக்கொண்டு மருந்து தேடினோம்.

அது தப்பு, ஏனென்றால் நைட்ரஜனைப் பூட்டிவைத்திருக்கும் அந்தப் பூட்டுதான் கார்பனுக்கும் பூட்டு. நைட்ரஜன் வெளியே வர வேண்டுமென்றால் அது ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் உடைய வேண்டும். உடைந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தங்கியிருந்த கார்பனும் காற்றில் போகும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று உள்ளே போகிறது, பீட் மக்கத் தொடங்குகிறது. மரம் பெரிதான பிறகு அதுவே நீரை உறிஞ்சி இன்னும் காய வைக்கிறது. லாட்ஜ்போல் பைன் தோப்புகளின் அடியில் பீட் சுருங்கி ஆழமாக வெடித்துக் கிடப்பதை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு முறை அப்படிக் காய்ந்த பீட் பழையபடி நீரை வாங்குவதும் இல்லை.

பின்லாந்தில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே மர வளர்ச்சிக்காக ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். அந்த நாட்டின் பீட் நிலத்தில் பாதி அது. சத்து அதிகமுள்ள பீட்டாக இருந்தால் வடித்தபின் நைட்ரஸ் ஆக்சைடும் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு சூடேற்றும்.

"சரி, அயல்நாட்டு மரத்தை நட்டதுதான் தப்பு, நாட்டு மரம் நட்டிருக்கலாமே" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 2020இல் வெளிவந்த ஒரு ஸ்காட்லாந்து ஆய்வு அதைத்தான் பார்த்தது. ஆழமான பீட்டில்கூட இல்லை, மேலே கரிம அடுக்கு உள்ள ஹெதர் நிலங்களில், நாட்டு மரங்களான பிர்ச்சும் ஸ்காட்ஸ் பைனும் நட்ட பழைய சோதனைத் திடல்களில் கார்பனை அளந்தார்கள். 12 ஆண்டு ஆன இடங்களிலும் சரி, 39 ஆண்டு ஆன இடங்களிலும் சரி, நடாமல் விட்ட பக்கத்து நிலத்தைவிட மொத்தக் கார்பன் கூடவில்லை. மரத்தில் ஏறிய அளவு மண்ணில் குறைந்திருந்தது, அல்லது அதற்கும் மேலேயே போயிருந்தது. வேர்ப்பூஞ்சைகள் மண்ணிலுள்ள பழைய கரிமப் பொருளைக் கிளறிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மரத்தை மட்டும் அளந்திருந்தால் லாபம் என்று எழுதியிருப்போம்.

வடக்கத்திய காடுகளே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் வடபகுதியில் கனிம மண்ணில் (பீட் இல்லாத சாதாரண மண்) நிற்கும் பைன், ஸ்ப்ரூஸ் காடுகளும் நைட்ரஜன் பசியில்தான் வாழ்கின்றன. அங்குள்ள தாவரங்கள் மண்ணிலிருந்து அமினோ அமிலத்தையே நேராக உறிஞ்சுகின்றன என்று 1998இல் அங்குள்ள உமியோ நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். நைட்ரஜன் முழுதாகச் சிதைந்து வரும்வரை காத்திருக்க நேரமில்லாத பசி அது. அந்தக் காட்டுக்கு உரம் போட்டால் மரமும் வளர்கிறது, மண்ணிலும் பல இடங்களில் கார்பன் கூடுகிறது. மக்குவது மெதுவாகிறது என்பதால். ஒரே நைட்ரஜன்தான், ஒரே குடும்பத்து மரங்கள்தான். அடியில் இருக்கும் மண் மாறியதும் கணக்குத் தலைகீழாகிறது. இதனால்தான் "இத்தனை கோடி மரம் நடுவோம்" என்ற அறிவிப்பைப் பார்த்தால் எனக்குப் பதற்றம் வருகிறது. எந்த மண்ணில் என்று அதில் ஒரு சொல்லும் இருப்பதில்லை.

பிரிட்டனுக்கு மரம் வேண்டும், பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறார்கள், அதுவும் எங்கோ ஒரு காட்டிலிருந்துதான் வருகிறது. இந்த எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குக் கனிம மண் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இன்று 50 செ.மீ.க்கு மேல் ஆழமுள்ள பீட்டில் புதிதாக மரம் நடக் கூடாது என்பது விதி. மேலே சொன்ன ஆய்வைப் படித்தபின் அந்த 50 செ.மீ. கூடத் தாராளமாகத்தான் எனக்குப் படுகிறது.

இப்போது தம்பியின் படத்துக்கு வருகிறேன். ஃபோர்சினார்டில் ஒரு பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1995இல் நிலத்தை வாங்கி, மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைக்கத் தொடங்கியது. டன்லின், பொன்னிற உப்புக்கொத்தி போன்ற தரையில் முட்டையிடும் பறவைகள் காட்டின் ஓரத்திலிருந்து பல நூறு மீட்டர் தள்ளியே இருந்துகொள்கின்றன. மரம் நட்ட இடம் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள திறந்த நிலமும் அவற்றுக்குப் போய்விட்டது. மீட்பு வேலை சுலபம் இல்லை. வெட்டிய கிளைகளும் ஊசிகளும் அங்கேயே கிடந்து மக்கும்போது நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓடைகளில் கசிகின்றன. பழைய உழவு சால்கள் நீரை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அங்கே காற்றில் கார்பன் போக்குவரத்தை அளந்தவர்கள் 2019இல் எழுதியதில், வெட்டி 10 ஆண்டு ஆன இடம் இன்னமும் கார்பனை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. 16 ஆண்டு ஆன இடம் உள்ளே இழுக்கத் தொடங்கியிருந்தது. படம் எடுத்தவர் வெட்டிய அன்றைக்கு எடுத்திருக்கிறார். 16 ஆண்டு கழித்து யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

2024 ஜூலையில் ஃப்ளோ கன்ட்ரியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அறிவித்த கூட்டம் நடந்தது நம் டெல்லியில். செய்தி வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த மே மாதம் மறுபடி போனேன். மரம் வெட்டிப் பல ஆண்டு ஆன ஒரு பகுதியில், நடைபாதைக்கு மிக அருகில், பழைய சால் ஒன்று தெரிந்தது. இரண்டு பக்கமும் வெளுத்துப்போன அடிக்கட்டைகள் வரிசை மாறாமல் நிற்கின்றன. சாலுக்குள் நீர். நீரில் பச்சையும் செம்பழுப்புமாக ஸ்பேக்னம் நிறைந்து, ஓரத்துக் கட்டையின் மேல் ஏறத் தொடங்கியிருக்கிறது. அதைப் படம் எடுத்தேன் தம்பி, இந்தப் பதிவோடு குழுவில் போடுகிறேன்.